‘தயார்’ என்றொரு ஃபோல்டர்

தண்டையார்பேட்டை, சென்னை
10.2.2025

திரு. தருமன் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். உன் நலத்தையும் கேட்டு எழுத வேண்டும் என்று கோர்ட்டில் நமக்கு ஆலோசனை சொல்லும் ரோசி மேடம் சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டேன்.

போன வாரம் பொன்னேரி கோர்ட்டில் அவர் பேசியது உன் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தில் தொங்கிய பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் மறுபடி எழுதுகிறேன். நம் விவாகரத்து மனு ஜூன் ஆறாம் தேதி கடைசியாக விசாரணைக்கு வருகிறது. அதுவரை போனில் பேசக் கூடாது. பேசினால் இரண்டாவது நிமிடம் கத்துகிறோமாம். உன் நம்பரை நான் ஏற்கெனவே தடுத்து வைத்திருக்கிறேன் என்பதால் எனக்கு இதில் சிரமம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையால் கடிதம் எழுத வேண்டும். “கையால எழுதுறப்போ கோவம் பாதி வழியில கால் வலிச்சு உக்காந்துடும்மா” என்றார். நல்ல அம்மா. உன் கடையில் உன் பக்கத்து நாற்காலியில் ஐந்து வருடம் உட்கார்ந்ததில்லை, அதனால் அப்படிச் சொல்கிறார்.

பிரிவதற்கான காரணத்தை முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதச் சொன்னார். எழுதுகிறேன். 2023 அக்டோபரில், பழைய தீபாவளி பேனர் ஒன்றைத் தேடி உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ‘தயார்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் அறுபத்து மூன்று ஃபைல். அத்தனையும் கண்ணீர் அஞ்சலி பேனர்கள். அத்தனையும் உயிரோடு இருக்கிறவர்களுக்கு. பெயர், படம், இரண்டு பக்கமும் விளக்கு, எல்லாம் முடித்து தேதியை மட்டும் காலியாக விட்டிருந்தாய். பதினான்காவது ஃபைல் என் நைனா பொன்னுரங்கம். அன்று காலைதான் அவர் நம் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தார்.

கேட்டதற்கு, மவுஸிலிருந்து கையை எடுக்காமல் நீ சொன்னாய்: “செத்தா ரெண்டு மணி நேரத்துல பேனர் கேப்பாங்க. முன்னாடியே ரெடி பண்ணி வெச்சா இன்னா தப்பு?”

இதுதான் காரணம். ரோசி மேடத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

என் வேலையைப் பற்றியும் எழுதச் சொன்னார். நுங்கம்பாக்கம் ஆபீஸில் எட்டு மாதமாக ஒரே ஒரு பாக்கெட்டுக்கு டிசைன் செய்தேன். அதில் எந்த இடத்தைக் காலியாக விடுவது என்று முடிவு செய்ய மட்டும் ஒரு வாரம் ஆனது. உனக்கு இது புரியாது. பிறந்தநாள் பேனரில் முப்பத்தெட்டு மூஞ்சி போட்டபிறகும் மூலையில் இரண்டு அங்குலம் மிஞ்சினால், அங்கே ஒரு சிங்கத்தை உட்கார வைக்கிறவன் நீ.

வெண்ணிலா


பாசிமேட்டுக்குப்பம், பழவேற்காடு
24.2.2025

காலி இடத்துக்கு மகாராணி வெண்ணிலாவுக்கு,

நலம். கம்ப்யூட்டரும் நலம். மவுஸில் இடது பட்டன் ஒட்டிக்கொள்கிறது, ரப்பர் பேண்டு சுற்றி ஓட்டுகிறேன். நல விசாரிப்பு முடிந்தது.

நீ எட்டு மாதம் தவம் இருந்து பெற்ற பாக்கெட் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. நம் சாந்தி அக்கா பொன்னேரியில் ஏசி போட்ட கடைக்குப் போனவள், அங்கிருந்து கையில் பிடித்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். “தருமா, இது பொன்னுரங்கம் மாமா தானே? இன்னாடா ஆச்சு அவருக்கு?” என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ‘உப்புக்காற்று’ உலர் இறால். மேலே மாமாவின் முகம். நீல நிறத்தில்.

வெண்ணிலா, நீ கடற்கரையில் பிறந்தவள். முகம் நீலமாக இருந்தால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். மூன்று நாள் தண்ணீரில் கிடந்து கரை ஒதுங்கினவன் அப்படி இருப்பான். அந்த முகத்தை வைத்து இறால் விற்கிற யோசனை உனக்கும் உன் ஆபீஸுக்கும்தான் வரும்.

அதன் கீழே இருக்கிற எழுத்தையும் பார்த்தேன். எங்கேயோ பார்த்த எழுத்து என்று யோசித்தேன், டீ ஆறிப்போனது. பிறகு தெரிந்தது. இங்கே இருக்கிற டச்சுக்காரன் கல்லறையில், கல்லில் செதுக்கின எழுத்து. அதன் வளைவை எடுத்துத் தமிழுக்குப் போட்டிருக்கிறாய். நான் கண்ணீர் அஞ்சலி பேனர் செய்தால் அசிங்கம். நீ கல்லறையில் எழுத்தைச் சுரண்டி எடுத்துத் தின்பண்டத்தின் மேல் ஒட்டினால் கலை.

இன்னும் ஒன்று. அந்தப் படம் எந்தப் படம்? ‘தயார்’ ஃபோல்டரில் பதினான்காவது ஃபைலில் இருக்கிற படம். அந்த ஃபோல்டரைப் பார்த்து வாந்தி வந்தது என்று கோர்ட்டில் சொன்னவள், போகும்போது பென் டிரைவில் அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ‘படம்: வெண்ணிலா’ என்று இருக்கிறது. யார் எடுத்தது என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். கேமரா என்னுடையது, வெயில் கடவுளுடையது. உன்னுடையது பென் டிரைவ்.

தருமன்


தண்டையார்பேட்டை
10.3.2025

தருமனுக்கு,

பெயர் போட்டது ஆபீஸ். நான் திருத்தச் சொல்லவில்லை, அது என் தப்பு. இந்த ஒரு வரியைக் கத்தரித்துக் கடையில் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள். என்னிடமிருந்து இனி இப்படி ஒன்று வராது.

மற்றபடி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ஆபீஸிலும் படித்துக் காட்டினேன், அவர்களும் சிரித்தார்கள். அது வெறும் நீலம் இல்லை. ஷேடு கார்டில் முப்பத்திரண்டு நீலத்தை வரிசையாகப் பார்த்து, ஏரியில் காலை ஆறு மணிக்கு முதல் படகு போகும்போது தண்ணீர் இருக்கிற நிறத்தைத் தேடி எடுத்தது. அதற்காக டிசம்பரில் நான்கு நாள் நம் ஊருக்கே வந்து, உன் கடைப் பக்கம் திரும்பாமல், கேமராவோடு சுற்றினேன். படகின் பின்பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடித்த பெயிண்ட் உரிந்து நிற்குமே, அதை எடுத்தேன். காயப்போட்ட வலையின் நிழலை எடுத்தேன். பூநாரை ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்தக் காலுக்கும் அதன் நிழலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக்கூட அளந்து பார்த்தேன். அந்த இடைவெளிதான் பாக்கெட்டில் பெயருக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கிறது.

உன் கற்பனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பர்மா பஜாரில் வாங்கின பென் டிரைவில் நாலாயிரம் ரெடிமேட் டிசைன். காதுகுத்துக்கு மயில், கட்சிக்காரனுக்குப் புலி, கல்யாணத்துக்கு இதயம், சாவுக்கு விளக்கு. எல்லாவற்றிலும் பின்னால் நெருப்பு எரிய வேண்டும். மஞ்சள் நீராட்டுக்கும் நெருப்பை எரிய விட்டவன் நீதானே. அந்தப் பெண்ணின் அம்மா வந்து திட்டியபோது, “பவரா இருக்கும்க்கா” என்றாய்.

நைனாவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பொங்கலுக்கு வந்தபோது அவரிடம் காட்டினேன். பார்த்தார், திருப்பிப் பார்த்தார், “நான்தானா?” என்றார். ஒப்புதல் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மகள் செய்ததைப் பார்த்து அவருக்குப் பெருமை. உனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

வெண்ணிலா


பாசிமேட்டுக்குப்பம்
26.3.2025

வெண்ணிலாவுக்கு,

இந்த முறை உன் பூநாரைக் காலைப் பற்றி எழுத நேரமில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

நீ இப்போது பட்டணத்துக்காரி, அதனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொல்கிறேன். ஏரியில் வலை கட்ட எல்லா இடமும் ஒன்று போல இல்லை. முகத்துவாரத்துப் பக்கம் இறால் உண்டு, மேட்டுப் பக்கம் பாசிதான் உண்டு. அதனால் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதற்கு ஊரில் ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. வருடா வருடம் சித்திரையில் பட்டியலில் உள்ள பெயர்களை எழுதிச் சீட்டுக் குலுக்குவார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு அந்த வருடம் ஏரி இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குப் போனவர்கள் சிலர், சம்பளமும் வாங்கிக்கொண்டு தங்கள் பாட்டை வேறு ஆளுக்கு விட்டார்கள் என்று, கம்பெனி ஆளுக்குப் பாடு கிடையாது என ஊரில் ஒரு கட்டுப்பாடு போட்டோம். இது உனக்கு நினைவிருக்கும். அந்தத் தீர்மானத்தை டைப் அடித்தவளே நீதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். பட்டியல் வாசிக்கும்போது மாமா பெயர் வந்தது. காட்டுப்பள்ளிக்குப் போய்ப் பாட்டை இழந்த முனியன் எழுந்தான். கையில் உன் பாக்கெட்.

“பொன்னுரங்கம் அண்ணன் இப்போ கம்பெனி ஆளு. பாரு, பாக்கெட்டுலயே கீறாரு” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் முதலில் சிரித்தார்.

“நான் எந்தக் கம்பெனிக்கும் போவலைபா. என் பொண்ணு கேட்டுச்சு, கையெழுத்துப் போட்டேன்.”

“கையெழுத்து போட்டியா?” என்றான் முனியன். “அப்பறம் இன்னா? நாங்களும் காட்டுப்பள்ளியில கையெழுத்துதான் போட்டோம்.”

பெயரை அடித்துவிட்டார்கள். மாமா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போனார். அறுபத்து நாலு வயது. ஒரு வருடம் முழுக்க அடுத்தவன் வலையில் கூலிக்கு நின்று கயிறு பிடிக்க வேண்டும். பிடிப்பார், வாயைத் திறக்க மாட்டார். உன் அப்பாதானே, வீம்பு இருக்காதா.

ஏப்ரல் 27 ஞாயிறு சீட்டு. அதற்குள் பாக்கெட்டிலிருந்து அவர் முகத்தை எடுத்துவிட்டால் பெயரை மறுபடி எழுதலாம் என்று ஊர்த் தலைவர் சொல்லியிருக்கிறார். உன் முப்பத்திரண்டு நீலத்தில் ஒன்றை அந்த இடத்தில் தடவிவிடு. உனக்குத்தான் காலி இடம் பிடிக்குமே.

தருமன்


தண்டையார்பேட்டை
7.4.2025

தருமனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முனியன் பேசியது எனக்கு ஆச்சரியமில்லை. அவனுக்கு நீ செய்த கட்டவுட்டில் அவன் தலையை ஒரு நடிகரின் உடம்பில் ஒட்டிக் கொடுத்தாய். அன்றிலிருந்து அவன் அப்படித்தான் நடக்கிறான்.

ஆபீஸில் கேட்டேன். அவர்கள் இறால் கம்பெனியிலும் கேட்டார்கள். நாற்பதாயிரம் பாக்கெட் அச்சாகிவிட்டது. அந்த டிசைனுக்கு மும்பையில் ஒரு பரிசும் கிடைத்திருக்கிறது. முகத்தை எடுக்க மாட்டார்கள். முடியாது என்று எழுதுவது எனக்கு ஒன்றும் இனிப்பாக இல்லை.

ஆனால் வேறு வழி பார்த்திருக்கிறேன். நைனாவை ஊர் கேலி செய்வதற்குக் காரணம், அவருக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குத் தெரியாததுதான். கம்பெனி அவரைக் கௌரவிக்கும் விதமாகப் பேருந்து நிலையத்தில் ஒரு பெரிய போர்டு வைக்கப்போகிறது. நானே டிசைன் செய்தேன். முகம், ஒரே ஒரு வரி, சுற்றிலும் வெறும் நீலம். சிங்கம் இல்லை, நெருப்பு இல்லை. பார்த்தால் முனியனுக்கே வாய் மூடிவிடும். 21ஆம் தேதி திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து வந்து நைனாவை போர்டின் முன்னால் நிற்க வைத்து விளம்பரப் படமும் எடுப்பார்கள். ஊரே பார்க்கும். ஊர் பார்த்துவிட்டால் மனசு மாறும்.

நீ அந்தப் பக்கம் எதையும் தொங்கவிடாமல் இருந்தால் போதும்.

வெண்ணிலா


பாசிமேட்டுக்குப்பம்
15.4.2025

வெண்ணிலாவுக்கு,

உன் போர்டு வந்துவிட்டது. இருபது அடி. ஒரே ஒரு வரிதான், நீ சொன்ன மாதிரியே. ‘உப்புக்காற்று குடும்பத்தின் மூத்தவர்.’

இதை நீ எழுதினாயா, ஆபீஸில் யாராவது எழுதிக் கொடுத்தார்களா? யார் எழுதியிருந்தாலும் டைப் செய்தது நீ. கம்பெனி ஆளுக்குப் பாடு கிடையாது என்று ஊர் சொல்கிறது. இவர் கம்பெனி ஆள் இல்லை என்று நான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பது பேர் தலையாட்டியிருந்தார்கள். நீ இருபது அடியில், இவர் கம்பெனி ஆள் மட்டுமில்லை, கம்பெனிக் குடும்பத்திலேயே மூத்தவர் என்று எழுதி வைத்திருக்கிறாய். முனியனுக்கு வாய் மூடிவிட்டது, அது உண்மை. அவன் இனிமேல் பேச வேண்டிய அவசியமே இல்லை. போர்டைக் கை காட்டிவிட்டுப் போகிறான்.

ஐந்து வருடமாக என் பேனரைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாய். இத்தனை ஆண்டில் நான் மூஞ்சி மாற்றியிருக்கிறேன், பெயர் மாற்றியிருக்கிறேன், ஒரு மாப்பிள்ளையின் படத்தை வேறு பெண்ணின் பக்கத்தில் போட்டு அடி வாங்கியிருக்கிறேன். ஒரு பேனரால் ஒரு ஆளின் சோற்றைப் பிடுங்கியதில்லை. அதற்கு நுங்கம்பாக்கத்தில்தான் படித்திருக்க வேண்டும்.

மாமா நேற்று போர்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நல்லாத்தான் கீது. என் பொண்ணு போட்டது” என்றார். அதைச் சொல்லிவிட்டு, ஆரம்பாக்கத்தில் இறால் குட்டைக் காவலுக்கு ஆள் கேட்கிறார்களா என்று என்னிடம் விசாரித்தார்.

தருமன்


பாசிமேட்டுக்குப்பம்
18.4.2025

வெண்ணிலாவுக்கு,

இரண்டு வாரம் ஆவதற்குள் எழுதுகிறேன் என்று ரோசி மேடத்திடம் கோள் சொல்லாதே. அவசரம்.

திங்கட்கிழமை காலை உன் நீல போர்டின் மேல் ஒரு பேனர் ஏறும். பதினான்காவது ஃபைல். தேதியும் போட்டாயிற்று, 21.4.2025. பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. மாமா கல்லு மாதிரி இருக்கிறார், நேற்று என் வீட்டில் வாளை மீன் குழம்பு சாப்பிட்டார். செத்தவர் முகத்தை வைத்துத் தின்கிற பொருளை எந்தக் கம்பெனியும் விற்காது. படம் எடுக்க வருகிறவர்கள் அதைப் பார்க்கட்டும். யோசனை என்னுடையது. மாமாவிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். “போடுடா. ஒரு தபா பாத்துட்டுதான் போறேனே” என்றார்.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், இனி என்ன. அந்தப் படத்தை நான் திருட்டுத்தனமாக எடுக்கவில்லை. அவரே ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். “முன் பல்லு ரெண்டு ஆடுது, விழறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்து வைடா. வெண்ணிலா கைல சொல்லாத, அழுவா” என்றார். அறுபத்து மூன்று பேரும் அப்படி வந்தவர்கள்தான். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, பெட்டியைக் கட்டினாய். அப்புறம் எனக்கும் சொல்லப் பிடிக்கவில்லை.

இந்தக் கடிதம் நாளைக்கு உன் கையில் இருக்கும்.

தருமன்


தண்டையார்பேட்டை
24.4.2025

தருமனுக்கு,

உன் கடிதம் நாளைக்கு என் கையில் இருக்கவில்லை. 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. நீ பெட்டியில் போட்ட 18ஆம் தேதி புனித வெள்ளி. போஸ்ட் ஆபீஸ் மூடியிருக்கும். அந்த வாரம் முழுக்க மாதா கோயிலுக்குப் புனித வெள்ளி பேனர் அடித்தவன் நீ. சிலுவைக்குப் பின்னால்கூட நெருப்பு வைத்திருப்பாய். ஆனால் அது விடுமுறை என்று உனக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு மூளையை வேறு எந்தக் கடற்கரையிலும் வலை போட்டுப் பிடிக்க முடியாது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருந்தேன். சாந்தி அக்காவின் மகள் போட்ட ஸ்டேட்டஸில் பேனரைப் பார்த்தேன். நைனா போன் அணைந்திருந்தது, வழக்கம்போல சார்ஜ் இல்லை. சாந்தி அக்கா எடுக்கவில்லை. உன் தடையை எடுத்துவிட்டு உன்னையும் கூப்பிட்டேன், தெரியுமா? ரிங் போய்க்கொண்டே இருந்தது. ரோசி மேடம் சொன்னார் என்று நீ எடுக்கவில்லை. உன் வாழ்க்கையில் நீ கேட்டு நடந்த ஒரே பேச்சு அதுதான்.

சென்ட்ரலில் லோக்கல் பிடித்தேன். எண்ணூர் தாண்டும்போது மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. “ஆழ்ந்த இரங்கல். முடிந்தால் பதினோரு மணிக்குள் ஒரு இரங்கல் போஸ்ட், கொஞ்சம் ஃப்ரெஷ்ஷான லேஅவுட்டில்.” நான் பதில் போடவில்லை. அவர்களே செய்து கம்பெனி பக்கத்தில் போட்டார்கள். இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். படத்தின் பின்னணியை நீக்கி முகத்தை மட்டும் மெஷினே வெட்டி எடுக்கும் ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தியிருக்கிறார்கள். நைனாவுக்கு இடது காதில் பாதி இல்லை. முடி, தொப்பி கவிழ்த்த மாதிரி இருந்தது.

அந்த ரயிலில் எனக்கு வேறு வேலை இல்லை. நீ போட்ட பேனரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாக்கெட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது மூலப் படத்தை மட்டும்தான். நீ வெட்டி வைத்த படத்தை இதுவரை இப்படிப் பெரிதாக்கிப் பார்த்ததில்லை. நைனாவின் காதுக்கு மேலே காற்றில் பறக்கிற நரைமுடி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டியிருக்கிறாய். ரப்பர் பேண்டு சுற்றின மவுஸை வைத்துக்கொண்டு. அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும், அது என் தொழில். செத்தபிறகு இரண்டு மணி நேரத்தில் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் முன்னாடியே செய்து வைத்திருக்கிறாய். இதை எனக்குப் புரிய வைக்க நைனா சாக வேண்டியிருந்தது.

பொன்னேரியில் பஸ் பிடித்து வந்து இறங்கினால், அவர் தன் கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே ஸ்டூல் போட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அதே வெள்ளைச் சட்டை. “இன்னாமா, லீவா?” என்றார்.

உன்னைக் குடையால் இரண்டு முறை அடித்தேன். மூன்றாவது அடிக்குக் குடை தாங்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் அதே பஸ்ஸில் திரும்பினேன், கோர்ட் சொன்னபடி.

நேற்று எல்லாப் பாக்கெட்டையும் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். நைனா உயிரோடு இருக்கிறார் என்று சொல்லியும், மாலை போட்ட முகம் மாலை போட்ட முகம்தான் என்றுவிட்டார்கள். என்னையும் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. அதை ஒரு ஃப்ளெக்ஸ் கொன்றது. அதில் நீ போட்டிருந்த எழுத்துக்குப் பின்னால் தங்க நிறத்தில் நிழல் வேறு.

வெண்ணிலா


பாசிமேட்டுக்குப்பம்
5.5.2025

வெண்ணிலாவுக்கு,

தோளில் வீக்கம் இறங்கிவிட்டது. நல விசாரிப்பில் நீ இதைக் கேட்டிருக்கலாம்.

அன்று காலை நீ கூப்பிட்டபோது போன் மேஜையில்தான் இருந்தது. உன் பெயரைப் பார்த்தேன். கடிதம் கிடைத்து, திட்டத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

27ஆம் தேதி சீட்டு நடந்தது. தலைவர் மாமா பெயரை எடுக்க, முனியன் மறுபடி எழுந்தான். நான் கம்பெனி போட்ட இரங்கல் செய்தியை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், காது இல்லாத அதையேதான். தலைவர் கையில் கொடுத்தேன். அவர் உரக்கப் படித்தார்: “‘எங்கள் மூத்தவர் மறைந்தார்’னு கம்பெனியே எழுதிக் குடுத்துட்டான். செத்தவன் எப்படிடா கம்பெனி ஆளு? கம்பெனிக்குத்தான் செத்துட்டார். ஏரிக்கு இன்னும் சாவல.” முனியனே சிரித்துவிட்டான். பெயர் ஏறியது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நாலாவது இடம் விழுந்தது. முந்தாநாள் முதல் பாடு. வலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, தனக்குக் காரியம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதோடு தொல்லை முடியவில்லை. மாமா தன் பேனரைப் பார்த்துவிட்டதால், மற்றவர்களும் செத்தபிறகு எப்படித் தெரியப்போகிறது, இப்போதே பார்க்க வேண்டும் என்று கடைக்கு வருகிறார்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பவுனம்மாள் தன்னுடையதைப் பார்த்துவிட்டு, “மூக்குத்தி எங்கடா? எழவு வூட்டுக்கு வர்றவ எல்லாம் நான் வித்துட்டேன்னு நெனப்பா” என்று சண்டை பிடித்தாள். முகத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. எழுத்தைத்தான் சொல்கிறார்கள். “உன் பொண்டாட்டி போட்டா எழுத்து நல்லா இருக்கும்” என்று பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கும் எண்ணத் தெரியும். அவள் கல்லறையிலிருந்துதான் எழுத்து எடுப்பாள் என்றேன். “அப்போ பொருத்தம்தானே” என்கிறாள் பவுனம்மாள்.

ஜூன் ஆறு காலை பத்தரைக்கு கோர்ட். ரோசி மேடம் கடிதங்களையும் எடுத்து வரச் சொன்னார். எடுத்து வைத்திருக்கிறேன்.

தருமன்


தண்டையார்பேட்டை
19.5.2025

தருமனுக்கு,

ரோசி மேடத்திடம் கடிதங்களைக் கொடுக்க வேண்டாம். படித்தால் அந்த அம்மா வேலையை விட்டுவிடுவார்.

அறுபத்து மூன்று ஃபைலையும் எனக்கு அனுப்பு. தங்க நிழல் அத்தனையையும் எடுக்க வேண்டும். விளக்கு இரண்டு போதாதென்று நடுவில் ஒரு புறா, அது எதற்கு? பெயருக்கும் தேதிக்கும் நடுவில் மூச்சு விட இடம் வேண்டும். செத்தவர்களுக்குக்கூட. பவுனம்மாளின் மூக்குத்தியை நான் வரைந்துவிடுகிறேன், என் கை அளவுக்கு உன் ரப்பர் பேண்டு வராது. எழுத்து தயார். பாக்கெட்டுக்குச் செய்ததுதான், இப்போது போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. கீழே ‘படம்: தருமன்’ என்று போடுவேன். எறும்பு எழுத்தில் இல்லை.

‘தயார்’ ஃபோல்டரை நான் 2023இல் பார்த்தபோதே ஒன்றைத் தேடினேன். அன்றைக்கு இருந்த கோபத்தில் உன்னிடம் கேட்கவில்லை. ஊரில் உள்ள எல்லோருக்கும் செய்து வைத்தவன், உனக்கு ஒன்று செய்து வைக்கவில்லை. உனக்கு யார் செய்வார்கள்? பொன்னேரியில் போய்க் கேட்டால் அந்தப் பட்டனை அழுத்துவார்கள். உன் தலை சுருட்டை முடிக் காடு. மெஷின் அதைப் பார்த்து முட்டைக்கோஸ் என்று வெட்டும். ஒவ்வொரு சுருளாக வெட்டி எடுக்க எனக்கே நாலு நாள் ஆகும். வேறு எவளுக்கும் அந்தப் பொறுமை வராது.

ஆறாம் தேதி கேமரா கொண்டு வருகிறேன். கோர்ட்டுக்கு எதிரில் வேப்ப மரத்தடியில் பத்து மணிக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும். உள்ளே போவதா, அப்படியே பஸ் ஏறுவதா என்று படம் எடுத்தபிறகு பார்க்கலாம். அந்தப் பச்சைச் சட்டை வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாராதே. சிரிக்காதே, உனக்கு அது நன்றாக இருக்காது.

வெண்ணிலா